நீர்த்தேக்கத்தின் ஈரம்

ஓய்வுபெறுவதற்கு முந்திய வருடம் மலைநாட்டு நீர்த்தேக்கமொன்றில் பொறியியலாளராக இருந்தேன். கிழக்குக் கரையோரச் சாய்ந்தமருதில் சீதனமாகக் கிடைத்த தன் வீட்டைப் பூட்டிவிட்டு மனைவியும் உடன்வந்தாள். தேக்கத்திலிருந்து எழும் மூடுபனி நண்பகல்வரை விடுதியைச் சூழ்ந்திருக்கும். அவளுடைய தொழுகைத் துணி முழுதாய்க் காய்ந்ததேயில்லை; இருமலும் ஓயவில்லை.

“நம்மட ஊருல இப்ப கச்சான் வீசும். என்ட வீட்டுல ரெண்டு கிழமை இருந்தா நெஞ்சுச்சளி காஞ்சிரும். கூட்டிப்போறீங்களா?”

மலையில் ஈரத்தைக் கொட்டிவிட்டு ஊருக்கு வறண்ட கச்சானாகப் போவது இதே காற்றுத்தான் என்று படம் வரைந்து விளக்கினேன்.

“ஓம், காத்தும் உங்கட கட்சிதான்” என்று சிரித்தாள். பிறகு கேட்கவில்லை.

சளி முற்றி, மலைநாட்டு ஆஸ்பத்திரியிலேயே மவுத்தானாள். இப்போது அவளுடைய வீட்டில் தனியே வசிக்கிறேன். என் விளக்கத்தில் பிழையில்லை. லீவு கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். நான் கேட்கவில்லை.