அமெரிக்காவுக்கு எங்கள் குடும்பத்தின் உபயம்

அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை ஒருநாள் காலை, ரங்கூனில் எங்களுக்குக் கரண்ட் இருந்த ஒரு மணி நேரத்துக்குள் வீடியோவில் வந்து, அவர்கள் ஊர் நூலகத்தில் என்னை ஓவியன் என்று சொல்லிவிட்டதாக அறிவித்தாள்.

என் ஓவியத் தேர்ச்சி பற்றி ஒரு குறிப்பு அவசியம். பள்ளிக்கூடத்தில் நான் வரைந்த பசுமாட்டை ஆசிரியர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஐராவதி ஆறு எங்கே கடலில் சேர்கிறது, அதைக் குறிக்கவில்லையே என்றார். அதன்பிறகு எழுத்துப் பக்கம் ஒதுங்கிவிட்டேன். இங்கே மாடு என்று எழுதினால் மாடுதான்.

"ஏன் அப்படிச் சொன்னே?"

"வாயில வந்துருச்சு அண்ணே. உங்க வீட்டுல யாராச்சும் வரைவாங்களான்னு அந்தம்மா கேட்டாங்க. நீதான் சும்மா இருக்கியே."

விஷயம் இதுதான். வெளிநாடுகளிலிருந்து வந்து அந்தச் சின்ன ஊரில் குடியேறிய ஒவ்வொரு குடும்பமும் இரண்டு முழச் சதுரத்தில் ஒரு துணி ஓவியம் தர வேண்டும். அதில் விட்டு வந்த ஊர் தெரிய வேண்டும், வந்து சேர்ந்த ஊருக்கு நன்றியும் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்து நூலகச் சுவரில் மாட்டுவார்கள். தங்கை அங்கே போய்ப் பதினெட்டு வருஷம். போன வருஷம்தான் குடியுரிமை கிடைத்தது.

"இத்தன வருஷமா இந்த ஊரு என்கிட்ட ஃபாரம் மட்டுந்தான் கேட்டுருக்கு. இப்பத்தான் மொத மொத ஒரு படம் கேக்குது," என்றாள்.

கேலி பேசத் திறந்த வாயை மூடிக்கொண்டேன். அவள் துணி அந்தச் சுவரில் ஏறியாக வேண்டும்.

என்ன வரைவது? தங்கை கோலம் என்றாள். என் மனைவி பாதி தமிழ், பாதி பர்மா, வாய் மட்டும் முழுக்க பர்மா. அவள் ஷ்வேடகோன் தங்கக் கோபுரம் என்றாள். நான் ஒரு கிண்ணம் மொஹிங்கா, எங்கள் ஊர் மீன்குழம்பு நூடுல்ஸ், என்றேன். "நன்றி சொல்லச் சொன்னா, பசிக்குதுங்கிறீங்களே," என்றாள் மனைவி, நான் தப்பித்துவிடக் கூடாதென்று தமிழிலேயே. கடைசியில் போட்டாதாங் படித்துறை, ஒரு கப்பல், நாலைந்து கடற்காகங்கள் என்று சமாதானமானோம். எங்கள் பாட்டன் வந்து இறங்கியதும் அந்த ஆற்றங்கரையில்தான். அவர் ரங்கூனுக்கு நன்றி சொன்னாரா தெரியாது. ரங்கூன் அவரிடம் படம் எதுவும் கேட்கவில்லை.

வரைய நான் பிடித்த ஆள், லத்தா பேட்டையில் பெயர்ப்பலகை எழுதும் மாஸ்டர். கோயிலுக்கும் எழுதுவார், புத்த மடத்துக்கும் எழுதுவார், செல்போன் கடைக்கும் எழுதுவார். நாலே நாளில் கப்பல் தயார். புகை கூட அசைவது போலிருந்தது.

"பேரெல்லாம் குடுங்க ஸயா," என்றார். ஸயா என்றால் வாத்தியார். எழுதுகிறவனையும் இங்கே அப்படி அழைப்பார்கள், எழுதிச் சம்பாதிக்காதவனாக இருந்தாலும்.

"என்ன பேரு?"

"அமெரிக்காவுக்குத் துணி குடுக்கறீங்க. யாரு குடுக்கறாங்கன்னு வேணாமா?"

ரங்கூனில் வளர்ந்தவனுக்கு இந்தக் கேள்வியில் குற்றம் தெரியாது. இங்கே மடத்து விசிறியில் கொடுத்தவர் பெயர், தெருவோரத் தண்ணீர்ப் பானையில் பெயர், புத்தர் கோயில் படிகளில் படிக்கொரு பெயர். எங்கள் அம்மன் கோயில் டியூப்லைட்டில் ஒரு குடும்பத்தை முழுசாக எழுதியதில், வெளிச்சம் இடம் கேட்டு ஓரமாக வருகிறது. நன்றி என்றால் உபயம், உபயம் என்றால் பெயர். போதாததற்கு, தங்கை அனுப்பிய விதிமுறைத் தாளை நான் அளவு வரைக்கும்தான் படித்திருந்தேன். தண்ணீர் ஓரமாக ஒரு வரி போடச் சொன்னேன். தங்கை, அவள் கணவர், பிள்ளைகள்.

மறுநாள் க்யிம்யிண்டைங்கிலிருந்து அத்தை போன் செய்தார்.

"அமெரிக்காவுக்கு உபயம் போகுதாமே. எம்பேரு இருக்காடா?"

"அத்தை, அது ஓவியம்..."

"அவ பாஸ்போர்ட்டுக்கு விடியக்காலைல போயி வரிசைல நின்னது ஓவியமா, நானா?"

அத்தை ஏறினார். அத்தை ஏறியது தெரிந்து, பயணத்துக்குப் பெட்டி கொடுத்த சித்தப்பா வந்தார். "பெட்டிதான் திரும்பி வரல. பேராவது போகட்டும்." பெட்டிக்குக் கயிறு கட்டியவர், விமான நிலையம் வரைக்கும் கார் ஓட்டியவர், அந்தக் காரில் இடமில்லாமல் வீட்டில் நின்று அழுதவர் என்று எல்லோரும் வந்தார்கள். தமிழில் பாதி, பர்மிய எழுத்தில் பாதி. ஆற்றிலிருந்து கிளம்பிய வரிகள் கப்பலின் மேல்தளத்தைத் தாண்டின. கடைசியில் மிஞ்சியது புகைபோக்கியும் ஒரே ஒரு கடற்காகமும்.

"கப்பல் முழுகிருச்சே மாஸ்டர்."

"பேரு மெதக்குதில்ல ஸயா?"

துணி பாங்காக் வழியாகப் போய்ச் சேர்ந்தது. தங்கை வீடியோவில் வந்தாள்.

"அண்ணே, கப்பல் எங்க?"

"சித்தப்பா குடும்பத்துக்குக் கீழ."

அவள் சிரிக்கவில்லை. "எழுத்தே இருக்கக் கூடாதுன்னு ரூல்ஸ் தாள்ல ரெண்டாவது வரியிலயே போட்ருக்கு. நாளன்னிக்குக் கடைசி நாளு." இரண்டு கையாலும் துணியைத் தூக்கிப் பிடித்திருந்தாள், முகம் தெரியவில்லை. நல்லவேளையாகக் கரண்ட் போயிற்று.

வேறு வழியில்லாமல் அதையே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். நூலகத்து அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, எவ்வளவு அழகான அலைகள் என்றாராம். படிக்கத் தெரியாதவருக்குத் தமிழ்ச் சுழியும் பர்மிய வட்டமும் தண்ணீர்தானே. என் தங்கை ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வந்ததும் எனக்குப் போன் செய்தாள்.

"நன்றி சொல்லப் போயிட்டுப் பொய் சொல்லிட்டு வந்துருக்கேன் அண்ணே."

கலை என்பதே ஒருவகையில், என்று நான் ஆரம்பித்தேன்.

"நீ பேசாத."

மறுநாள் போய், அது அலை இல்லைங்க, ஆளுங்க என்று ஒப்புக்கொண்டாள். அந்த அம்மாள் விதிமுறைத் தாளை எடுத்துப் பார்த்தாராம். கடைக்காரர்கள் யாரும் விளம்பரம் எழுதிவிடக் கூடாதென்றுதான் அந்த விதியாம். ஆட்கள் என்றால் மாட்டுவோம், ஆனால் அவர்கள் யாரென்று திறப்பு நாளில் நீயே படித்துச் சொல்ல வேண்டும் என்றார்.

அதை நான் போனில் பார்த்தேன். சுவரில் மலை, ரொட்டி, ஒரு பறவை, அவற்றுக்கு நடுவே எங்கள் சுற்றம். தங்கை ஒவ்வொரு பெயரையும் படித்து, இவர் பெட்டி கொடுத்தவர், இவர் வரிசையில் நின்றவர் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அத்தை பெயரை மட்டும் இரண்டு தடவை படித்தாள். நான் என் பெயருக்காகக் காத்திருந்தேன். எல்லோரிடமும் பெயர் கேட்டு வாங்கிக் கொடுத்தவன் தன் பெயரைக் கொடுக்க மறந்திருக்கிறேன். கீழ்மூலையில் எனக்கு இருந்திருக்க வேண்டிய இடத்தில், எல்லாப் பலகையிலும் செய்வது போல மாஸ்டர் தன் பெயரையும் செல்போன் நம்பரையும் போட்டிருந்தார். வாசித்த வேகத்தில் தங்கை அதையும் எண் எண்ணாக வாசித்து முடித்தாள்.

அன்று சாயங்காலம் அவளிடம் கேட்டேன், கூட்டத்துக்குப் பிடித்ததா என்று.

"எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்க. அந்த நம்பருக்குத்தான் அண்ணே ரொம்பக் கை தட்டினாங்க."