வலையை நம்பிய ஆள்

எங்கள் நிலக்கரி ஊரான கார்னி ஹில்லில் ஒன்ட்ரெய் பாலுக் என்று யாரிடம் சொன்னாலும், டியூபா என்ற பெரிய பித்தளைக் குழல் ஊதுகிறவன் மடியில் விழுந்த பந்தைப் பற்றித்தான் பேசுவார்கள். பன்னிரண்டு வருடம் அவர் ஆடிய ஆட்டம் முழுவதையும் அந்த ஒரு பந்து விழுங்கிவிட்டது. நல்லதை மறப்பதில் எங்கள் ஊர்க்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் என் அக்கா ஸுஸ்காவின் கணவர், எனக்கு அத்தான். அவரைப் பற்றிச் சொல்ல என்னிடம் இன்னொரு பந்து இருக்கிறது. அதற்குப் பொறுப்பு நான்.

அத்தான் ஒன்பது வயதில் நிலக்கரி உடைக்கும் கூடத்தில் கல் பொறுக்க உட்கார்ந்தவர். பிறகு சுரங்கத்துக்குள் இறங்கினார். தீயணைப்பு நிலையத்து மாடியில் இருந்த நடன ஹாலில் கூடைப்பந்து ஆட ஆள் எடுத்தபோது அவருக்கு இருபது வயது. ஆடினால் காசு கொடுத்தார்கள். வாரம் முழுக்கக் கீழே குனிந்து கிடந்து வாங்கும் கூலியை இரண்டே ஆட்டத்தில் வாங்கினார். விட்டுவிடுவாரா, சுரங்கத்துக்கு ஒரு கும்பிடு போட்டார்.

அப்போதெல்லாம் ஆட்டம் கூண்டுக்குள்தான். நாலு பக்கமும் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு கயிற்று வலை கட்டியிருக்கும். பந்து வெளியே போகாது, ஆட்டம் நிற்காது. ஆடுகிறவர்கள் வலையில் மோதித் தெறிப்பார்கள். அத்தான் முதுகில் கட்டம் கட்டமாகத் தழும்பு விழுந்திருக்கும். அக்கா திட்டிக்கொண்டே பன்றிக் கொழுப்பு தடவிவிடுவாள். அத்தானுடைய வித்தையும் அந்த வலைதான். எதிராளி மறித்து நின்றால் பந்தைப் பக்கத்து வலையில் அடிப்பார். அது திரும்பி வந்து, எதிராளியின் முதுகுக்குப் பின்னால் நம் ஆள் கையில் சேரும்.

பட்டு மில்லில் வேலை பார்த்த பெண்கள் நாங்கள் வலையோரம் உட்காருவோம். எதிரணிக்காரன் பக்கத்தில் வந்தால் தொப்பியில் செருகும் நீண்ட ஊசியால் தொடையில் ஒரு குத்து. நடுவர் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவார், அவருக்கும் தொடை இருக்கிறதே. என் இடம் மேற்கு மூலை, கூடைக்குப் பக்கத்தில். எனக்கென்று ஒரு தனி வேலையும் இருந்தது. எதிரணி என் மூலைக்குப் பந்தை அடித்தால், அது வருவதற்குள் வலையின் அடிக்கயிற்றை இரண்டு கையாலும் தூக்கிவிடுவேன். வலை தொய்ந்துவிடும். பந்து ஈர மாவு மூட்டை மாதிரி அங்கேயே பொத்தென்று விழும். அது திரும்பி வரும் என்று காத்திருந்தவன் வாயைப் பிளந்து நிற்பான், எங்கள் ஆள் ஓடிவந்து பொறுக்கிக்கொள்வான்.

1925இல் கோப்பை ஆட்டம், பெரிய நகரத்தில், புது ஹாலில். அங்கே கூண்டே இல்லை, தரையில் ஒரு கோடு மட்டும்தான். கடைசி நிமிடம், நாங்கள் ஒரு புள்ளி பின்னால். கூடைக்கடியில் எங்கள் மிஹால் தனியாக நிற்கிறான். அத்தானை இரண்டு பேர் மறித்தார்கள். பன்னிரண்டு வருடத்துப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது. இல்லாத வலையில் பந்தை அடித்தார். அது கோட்டைத் தாண்டிப் பறந்து, பேண்டு வாத்தியக்காரர்களுக்கு நடுவில் டியூபாக்காரன் மடியில் போய் உட்கார்ந்தது.

அதன் பிறகு அவர் தெருவில் நடந்தால் "பூம்... பூம்..." என்று வாயால் ஊதுவார்கள். அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். மறுபடியும் சுரங்கம். இரண்டு குளிர்காலத்தில் நெஞ்சு கட்டிக்கொண்டது. இருமினால் கைக்குட்டை கறுப்பாகும். "இன்னொரு குளிர்காலம் கீழ போனீங்கன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று மருத்துவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து வெஸ்ட் ஃபோர்க் அணி அவரைக் கோச்சாகக் கூப்பிட்டது. வெஸ்ட் ஃபோர்க் என்றால் எங்கள் ஊருக்கு ஜென்மப் பகை. போனார், வேறு என்ன செய்வார்? ஊரே துரோகி என்றது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் சொன்னேன். அந்த அணியின் முதலாளி ஒரு நிபந்தனை போட்டார். சீசனின் கடைசி ஆட்டம் கார்னி ஹில்லில், எங்கள் கூண்டுக்குள். ஜெயித்தால் வேலை நிரந்தரம். தோற்றால் திங்கட்கிழமை முதல் வேறு கோச்.

வெள்ளிக்கிழமை அக்கா என் வீட்டுக்கு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"பவ்லா, நாளைக்கு ஒரு நாள் கையைக் கட்டிக்கிட்டு உக்காருடி."

"ஊருக்குத் துரோகம் பண்ணச் சொல்றியா?"

"அவரை ஜெயிக்க வைன்னா கேக்கறேன்? சும்மா இருன்னுதானே கேக்கறேன். தோத்தா அவர் மறுபடி கீழ இறங்கணும்டி. ராத்திரி அவர் மூச்சு விடற சத்தத்தை நீ வந்து கேட்டிருக்கியா?"

"நான் வாக்குக் குடுக்க முடியாது, போ" என்றேன். அவள் அழாமல் போனாள். அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை ஹாலில் மூச்சுவிட இடமில்லை. அத்தான் உள்ளே வந்ததும் நாலு மூலையிலிருந்தும் "பூம், பூம்". காதில் விழாதவர் மாதிரி நேராக என் மூலைக்கு வந்தார்.

"என்ன கொழுந்தியா, ஊசி கொண்டாந்திருக்கியா?"

"கொண்டாராம இருப்பேனா அத்தான்? உங்க ஆளுங்க தொடைக்குன்னே தீட்டி வச்சிருக்கேன்."

"குத்து, நல்லா குத்து. இந்த மூலையை விட்டு மட்டும் நகராத, என்ன?"

வழக்கமான கிண்டல் என்று நினைத்தேன். அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

ஆட்டம் ஆரம்பித்தது. வெஸ்ட் ஃபோர்க் ஆட்கள் கூண்டில் ஆடிப் பழகாதவர்கள், ஆனாலும் விடவில்லை. நாங்கள் ஒன்று போட்டால் அவர்கள் ஒன்று போட்டார்கள். மிஹாலின் புருவம் கிழிந்து ரத்தம் சொட்டியது. என் மூலைக்கு மட்டும் ஒரு பந்துகூட வரவில்லை. கடைசி நிமிடத்தில் எங்களுக்கு இருபத்து மூன்று, அவர்களுக்கு இருபத்திரண்டு. அத்தான் பெஞ்சிலிருந்து எழுந்து ஒரு விரலை உயர்த்தினார்.

அவர்களுடைய டெலானி பந்தோடு என் பக்கம் திரும்பினான். எனக்குப் புரிந்துவிட்டது, என் மூலைக்குத்தான் அடிக்கப் போகிறான். என் இரண்டு கையும் அடிக்கயிற்றைப் பிடித்தாகிவிட்டது. தூக்க வேண்டியதுதான் பாக்கி. ஹால் முழுக்கப் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா மட்டும் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கயிற்றை விட்டுவிட்டேன்.

பந்து விறைத்த வலையில் அடித்து வேகமாகத் திரும்பியது. வெஸ்ட் ஃபோர்க்கின் குள்ளன் ரைலி என் மூலையில் இரண்டு கையையும் தரைக்கு நீட்டிக் குனிந்து நின்றான். எதற்கு இவன் குனிகிறான் என்று நினைத்தேன். பந்து அவன் தலைக்கு மேலே போய், ஓடிவந்த மிஹாலின் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. மணி அடித்துவிட்டது. ஊரே எழுந்து ஆடியது.

கூட்டம் கலைந்ததும் அத்தான் வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"வலை ஏன் தொய்யல?"

"நான் தூக்கல அத்தான்."

"தூக்கலையா? எத்தனை வருஷமா தூக்கறவ நீ!"

"உங்களுக்காகத்தான்... இன்னைக்கு ஒரு நாள் வேணாம்னு விட்டுட்டேன்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, அது அடங்க நேரமானது.

"மூணு வாரமா ரைலிக்கு இதைத்தான் பழக்கினேன் புள்ள. அந்த மூலைல என் கொழுந்தியா இருப்பா, பந்து கீழதான் விழும், எல்லாருக்கும் முந்தி குனிஞ்சு எடுத்துக் கூடையில போட்டுடுன்னேன். எவன் மாறினாலும் நீ மாற மாட்டேன்னு நம்பினேனே! நல்லவளாகறதுக்கு உனக்கு வேற நாளே கிடைக்கலையா?"

என் பக்கத்தில் அக்காவின் கை என் பாவாடை மடிப்பைப் பிடித்துக்கொண்டது. அவள் பெயரை நான் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை சாப்பாட்டு டப்பாவோடு அத்தான் சுரங்கத்துக்கு இறங்கினார். அதற்குப் பிறகு மூன்று குளிர்காலம் இருந்தார். என்னை எங்கே பார்த்தாலும், "என்ன, இன்னைக்கு நல்லவளா கெட்டவளா?" என்று கேட்பார். கெட்டவள்தான் அத்தான் என்பேன். கடைசி வாரம், படுக்கையில், பேச மூச்சில்லாத நாளில்கூடப் புருவத்தைத் தூக்கி அதையே கேட்டார். அக்கா அவருக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள். கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னது யார் என்று அன்றும் நான் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.