விரலா, மவுஸா?

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியில் மழை. பெய்வதா, விடுவதா என்று அதற்கே தெரியாத லண்டன் மழை. வெம்பிளியில் எங்கள் வீட்டுப் பின்ஜன்னலுக்கு அப்பால் ஜூபிலி லைன் ரயில்கள் நனைந்தபடி போய்வந்துகொண்டிருந்தன. நான் சோபாவில் அரைத்தூக்கத்தில் இருந்தேன். அவர் மேசையில் லேப்டாப்போடு...

“சனியன்!”

கண் விழித்துவிட்டேன். என் கணவருக்குத் திட்டவே வராது. பஸ் கராஜ் ஒன்றில் டிரைவர்களுக்கு ஷிப்ட் போடுகிற வேலை அவருக்கு. எவர் எந்த பஸ்ஸை எப்போது எடுப்பது என்பதெல்லாம் அவருடைய ஸ்ப்ரெட்ஷீட் கட்டங்களுக்குள் அடக்கம். நாள்முழுக்க டிரைவர்கள் போனில் கத்தினாலும் சிரித்தபடி பதில் சொல்கிற மனிதர்.

“என்னப்பா?”

“ஒண்டுமில்லை. நீர் படுத்திரும்.”

இந்த ‘ஒண்டுமில்லை’யைச் சில வாரங்களாக நிறையவே கேட்கிறேன். ஏன் கார் ஓட்டுவதில்லை? ஒண்டுமில்லை. காலையில் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தருகிறவர் ஏன் நிறுத்திவிட்டார்? ஒண்டுமில்லை. மகளின் கைக்குழந்தையைத் தூக்காமல் ஏன் தள்ளி நின்று சிரிக்கிறார்? அதற்கும் அதே பதில்தான். வயது போகப் போக மனுசன் தனக்குள்ளேயே ஒதுங்கிக்கொள்கிறாரோ என்று நினைத்திருந்தேன்.

எழுந்து போய் அவருக்குப் பின்னால் நின்றேன். மங்கிய வெளிச்சத்தில் மவுஸின் வெள்ளைக் கூட்டல் குறி மட்டும் கட்டங்களின் மேல் தும்பி மாதிரி மிதந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல... ஒரு கட்டத்தில் கிளிக் செய்தார். உடனே மேலேயிருந்து அதுவரைக்கும் அத்தனை வரிசையும் சாம்பல் நிறமானது. வேறொரு கட்டத்தைத் தொட்டார். சாம்பல் இன்னும் விரிந்தது. ஒரு டிரைவரைத் தொட்டால் அரைக் கராஜும் கூடவே எழும்பி வருகிறது!

“மவுஸ் பழுதோ?”

“மவுஸை மாத்தியும் பாத்திட்டன். அதே கதைதான்.”

“அப்ப என்ன?”

மவுஸிலிருந்து கையை எடுத்தார். எடுத்த கையை மேசைக்குக் கீழே கொண்டுபோனார், நான் பார்க்கக்கூடாது என்பதுபோல.

“என்ர விரல்தான். அழுத்தினால் பிறகு எடுபடுதில்லை போல கிடக்கு. இழுபட்டுக்கொண்டு போகுது.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அப்பாவுக்கும் அந்த நடுக்கம் விரலிலதான் தொடங்கினது.”

மாமாவின் கடைசிக் காலம் எனக்குத் தெரியும். சட்டைப் பொத்தானோடு அவர் பட்ட பாடும், கையில் நடுங்கிய கரண்டியும். காரும் தேத்தண்ணியும் குழந்தையும் ஒரே நொடியில் விளங்கின. கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மவுஸ்தான் கிட்ட இருந்தது.

ஒரு கட்டத்தில் கிளிக் செய்தேன். சாம்பல் விரிந்தது.

“இஞ்சருங்கோ... எனக்கும் அப்பிடித்தான் செய்யுது.”

“திருப்பி அழுத்தும் பாப்பம்.”

அழுத்தினேன். மறுபடியும் அதே விரிவு. அவர் மேசைக்குக் கீழே வைத்திருந்த கையை வெளியே எடுத்தார்.

பிறகு என் தோழி ரேவதிக்கு போன் போட்டேன். திருச்சிக்காரி, குரோய்டனில் இருக்கிறாள், ஐடி வேலை. ஸ்பீக்கரில் கேட்டாள்:

“அக்கா, ஸ்கிரீன்ல கீழ இடது பக்கம் ஏதாவது எழுதியிருக்கா பாருங்க.”

“எக்ஸ்டெண்ட் செலக்ஷன் எண்டு கிடக்கு.”

“அவ்ளோதான்! அண்ணன் தெரியாம எஃப் எட்டு கீயைத் தட்டியிருக்காரு. அது ஆன் ஆயிடுச்சுன்னா எங்க கிளிக் பண்ணாலும் அதுவரைக்கும் சேர்த்துப் பிடிச்சுக்கும். எஸ்கேப் கீயை அழுத்துங்க, போயிடும்.”

எஃப் எட்டு எங்கே இருக்கிறது என்று தேடினோம். ஸ்கிரீன் வெளிச்சத்தைக் குறைக்கிற பட்டனுக்குப் பக்கத்திலேயே இருந்தது. கண் கூசுகிறது என்று இவர் வேலை தொடங்கும்போதெல்லாம் தடவித் தட்டுகிற இடம்!

எஸ்கேப்பை அழுத்தினார். ஒரு கட்டத்தில் கிளிக் செய்தார். ஒரே ஒரு கட்டம். பக்கத்துக் கட்டம் அசையவில்லை.

அதன்பிறகு அவர் வேலை எதுவும் செய்யவில்லை. வெறும் ஷீட் ஒன்றைத் திறந்துவைத்துக்கொண்டு இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று தொட்டுக்கொண்டே இருந்தார். கூட்டல் குறி ஆளில்லாத வயலில் இறங்கிய கொக்கு மாதிரி தன் பாட்டில் திரிந்தது. நான் அவர் தோளில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மழை எப்போது விட்டதென்று இருவருக்கும் தெரியாது.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?” என்று கேட்டேன்.

“சொன்னால் உண்மையாப் போயிடும் எண்டு நினைச்சன்.”

நாமெல்லோரும் இப்படித்தான், இல்லையா? கருவி மக்கர் பண்ணினால் முதலில் கருவியைத் திட்டுகிறோம். அதை மாற்றியும் சரிவராவிட்டால் சத்தமில்லாமல் நம் மேலேயே தீர்ப்பு எழுதிக்கொள்கிறோம். பக்கத்தில் இருப்பவரிடம், “நீயும் ஒருக்கா அழுத்திப் பார்” என்று சொல்ல மட்டும் வாய் வருவதில்லை.

ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. டாக்டரிடம் கூட்டிப் போனேன். விரல்களைத் தட்டச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார், நடக்கவிட்டுப் பார்த்தார். பயப்பட எதுவும் இல்லை என்றார் அந்த அம்மா. எஃப் எட்டுக் கதையை மட்டும் சொல்லிவிடாதே என்று இவர் பஸ்ஸில் வழிநெடுகக் கெஞ்சியிருந்தார். நான் சொல்லிவிட்டேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. தன் கம்ப்யூட்டரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, பேனாவை எடுத்துக்கொண்டு, “எந்த கீ என்று சொன்னீர்கள்?” என்று கேட்டார்.