வெள்ளையோடு வெள்ளை

அந்தச் சுவரைக் கெடுத்தவன் நான். என் மச்சான் குணா அல்ல... நான்!

உங்களுக்கு அவனைத் தெரியாது. என் மனைவியின் தம்பி. பழைய கட்டடங்களைச் சுண்ணாம்புக் காரையால் பழுதுபார்க்கும் தொழிலைக் கடலூரில் தொடங்கியவன். முதல் வேலை, சிதம்பரத்தில் எங்கள் பழைய வீட்டின் கூடத்துச் சுவர். நீற்றிய சுண்ணாம்பு, மணல், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். வேறெதுவும் சேர்க்க மாட்டான்.

"இந்தச் செவுரு மூச்சு விடும் மாமா. கொறட்ட வுட்டு அத எழுப்பிடாதீங்க!" என்று சீண்டுவான்.

மூச்சு விட்டதோ என்னவோ, காயவில்லை! அடிப்பூச்சுக்கே வாரங்கள் போயின. மகளின் நிச்சயதார்த்தம் நெருங்கியது. மழை வேறு மூட்டம் போட்டது. மேல்பூச்சு எப்போது காய்ந்து, நான் எப்போது பந்தி போடுவது?

குணா வெல்லம் வாங்க நெல்லிக்குப்பம் பக்கம் போயிருந்த ஒரு பகலில், குளியலறை டைல்ஸுக்கு வாங்கி மீந்திருந்த வெள்ளைச் சிமெண்டை மேல்பூச்சுக் கலவையில் கொட்டச் சொன்னேன். வெள்ளையோடு வெள்ளை... யாருக்குத் தெரியப் போகிறது?

வேலையாள் தயங்கினார். "குணாண்ணன் திட்டுவாரு சார்."

"நான் சொல்லிக்கிறேன்" என்றேன்.

சொல்லவில்லை. சுவர் சீக்கிரமே இறுகியது. "பாத்தீங்களா என் கைய!" என்று குணா குதித்தான். அவன் மகிழ்ச்சியைக் குலைப்பானேன் என்றுதான்... இல்லை, பொய்! திட்டுவானே என்ற பயம்.

அடுத்தடுத்து இரண்டு மழைக்காலம். ஒரு மதியம் கூடத்தில் தடாலென்று சத்தம். பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து கிடந்தது. பின்னாலிருந்த செங்கல், என் விரல் பட்டதும், ஐயோ, மாவாக உதிர்ந்தது! உள்ளே ஏறிய ஈரம், சிமெண்ட் அடைத்துக்கொண்டதால் வெளியேற வழியின்றிச் செங்கல்லையே தின்றிருக்கிறது.

குணா ஓடிவந்தான். "தொழிலு கத்துக்க எங்க வூடுதான் கெடச்சிதா ஒனக்கு?" என்று அவன் அக்காள் கத்தினாள். அவன் அந்தத் தூளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். "என் சுண்ணாம்புதான் பழுதுக்கா. சரியா நீறல போல..."

நான் பக்கத்தில்தான் நின்றேன். கவிதை எழுதுகிறவன், சொல்லுக்கா பஞ்சம்? துடைப்பம் எடுத்துவந்து தூளைப் பெருக்கினேன்.

போன வாரம், சொல்லியே தீர்வதென்று கடலூர் போனேன். துறைமுகத்துப் பக்கம் ஒரு பாய் வீடு. உப்புக்காற்று அறைகிற பழைய சுவர். குணா சாரத்தில் நின்று பூசிக்கொண்டிருந்தான். கீழே கலவைக் குவியல். அதன் பக்கத்தில்... வெள்ளைச் சிமெண்ட் மூட்டைகள்!

"என்னா மச்சான் இது?"

"உங்க செவுரு கத்துக்குடுத்த பாடம் மாமா" என்று சிரித்தான். "வெறும் சுண்ணாம்ப இனிமே நம்ப மாட்டேன். ஜாஸ்தியில்ல, கொஞ்சந்தான் சேக்குறேன். வெள்ளையோட வெள்ள... பாய்க்குத் தெரியவா போவுது?"

என் சொற்கள்! நான் மனத்துக்குள் மட்டும் சொல்லிக்கொண்ட சொற்கள், அவன் வாயில்!

உள்ளே பாயின் பேரப்பிள்ளைகள் சத்தம் போட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். குணா தன் ஆளிடம் டீ வாங்கிவரச் சொன்னான். நான் சுவரில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். பதிந்தது. ஈரம் இருந்தது. சுரண்டி எடுத்துவிடலாம். ஒரு வாக்கியம் போதும்...

டீயைக் குடித்தேன். வேலை நன்றாக இருக்கிறதென்றேன். பஸ் ஏறினேன்.

இந்நேரம் அது இறுகியிருக்கும்.