மாமா போட மறுத்த மாத்திரை

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. பூசாரி ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல மாமா திருப்பிச் சொன்னார். "சாராயம் தொடமாட்டேன். பிராந்தி தொடமாட்டேன். கஞ்சா தொடமாட்டேன். போதை குடுக்கிற எதையும் தொடமாட்டேன். தொட்டா ரத்தம் கக்கிச் சாவேன்." கடைசி வரியில் அவர் குரல் உடைந்தது. அக்கா கொஞ்சம் தள்ளி நின்றாள். அவள் முகத்தில் நம்பிக்கை எதுவும் தெரியவில்லை. எனக்கும் இல்லை. மாமா என்று நான் சொல்வது என் அக்காவின் கணவரை. எங்கள் அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டதால் ஜோகுபாளையத்தில் அவர்கள் வீட்டில்தான் நான் வளர்ந்தேன். பழைய மெட்ராஸ் ரோட்டில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் அவர் வெல்டர். சம்பள நாள், சாதா நாள் என்ற கணக்கெல்லாம் கிடையாது, தினமும் பாக்கெட் சாராயம் குடித்தார். குடித்துவிட்டு வந்து அக்காவை அடித்தார். இதை நயமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. சொல்ல விருப்பமும் இல்லை.

குடியை விடுவதற்குக் கயிறு கட்டிக்கொள்வது எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ரயில் பாதையை ஒட்டி ஒரு சின்ன முனீஸ்வரன் கோயில் இருந்தது. அங்கே சாமி முன்னால் சத்தியம் செய்தால் பூசாரி மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டுவார். ஆடிக்கு ஆடி போய்ப் புதுக் கயிறு மாற்றிக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் சத்தியம் சாராயத்துக்கு மட்டும்தான் இருந்ததாம். சிலர் சாராயத்தை விட்டுவிட்டுக் கஞ்சாவுக்குப் போனார்கள். கேட்டால் சத்தியத்தில் அது இல்லையே என்றார்கள். பூசாரி ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்து, கடைசியில் போதை தரும் எதையும் என்று பூட்டுப் போட்டுவிட்டார். கயிற்றோடு குடித்து ரத்தம் கக்கிச் செத்தவர்களின் கதைகள் தெருவுக்கு ஒன்று இருந்தன. ஈரல் கெட்டுச் செத்திருப்பார்கள் என்று இன்று எனக்குத் தெரிகிறது. அன்று நானும் நம்பினேன். மாமா என்னைவிட அதிகமாக நம்பினார். கட்டிய முதல் சில நாட்கள் உடம்பு உதறியது, வியர்த்துக் கொட்டியது, சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. சுவரில் முதுகை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தே கிடந்தார். அதற்குப் பிறகு அவர் குடிக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர்கள் அக்காவுக்கு விடிவுகாலம் வந்துவிட்டது என்றார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். உள்ளே பயம் குறையவில்லை. குடிக்கிற மனிதன் எப்போது அடிப்பான் என்று தெரியும். மாலை ஆனால் தயாராகிவிடலாம். குடிக்காத மனிதன் எந்த நாளில் மறுபடி ஆரம்பிப்பான் என்று எப்படித் தெரியும்? அவர் பட்டறையிலிருந்து வர அரை மணி தாமதமானால் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வாசற்கதவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். வருடக் கணக்கில் அப்படி உட்கார்ந்தாள். கயிறு அவர் கையில் இருந்தது. பயம் எங்களிடம் இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் அவருக்கு முதுகு வலி வந்தது. நாளெல்லாம் குனிந்து வெல்டிங் வைக்கிறவனுக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று நாங்கள் யாரும் பொருட்படுத்தவில்லை. தைலம் தடவினோம். சிவாஜிநகரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவரிடம் எண்ணெய்க் கட்டு போட்டோம். தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டோம். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தபோது முதுகெலும்பில் புற்றுநோய். வேறெங்கோ ஆரம்பித்து அங்கே வந்து உட்கார்ந்திருந்தது. கரண்ட் வைத்தார்கள். கதிர்வீச்சை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அது கொஞ்சம் அடக்கியது, முழுதாக அடக்கவில்லை. இருமல் வந்தால் அலறுவார். தும்மல் வரும்போல இருந்தால் இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக் காத்திருப்பார். ஒரு மனிதன் தும்மலுக்குப் பயந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் வலிக்கென்றே ஒரு டாக்டரம்மா இருந்தார். கன்னடக்காரர், தமிழும் பேசுவார். வீட்டில் யாராவது குடிப்பார்களா என்று அவர் முதலிலேயே கேட்டார். அக்கா மாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா முகம் சுளிக்கவில்லை. மாத்திரைகள் அக்காவிடமே இருக்கட்டும், வேளாவேளைக்கு அவள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும், அளவை நீங்களாகக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது என்றார். எங்களுக்குப் புரியாத ஒன்றை இரண்டு தடவை சொன்னார். "வலி வந்து கூப்பிட்டப்புறம் மாத்திரை குடுக்கக்கூடாது. வலி வர்றதுக்கு முன்னாடியே மாத்திரை உள்ள போய் உக்காந்திருக்கணும்."

மாத்திரை மட்டும் போதாது என்றும் சொன்னார். தரையில் படுத்துக்கொண்டிருந்த மனிதரைக் கட்டிலுக்கு மாற்றினோம். கக்கூசில் குந்த முடியாதவருக்கு ஓட்டை போட்ட நாற்காலி வந்தது. எழுந்திருக்கும்போது முதலில் முழு உடம்பையும் ஒரே கட்டையாகப் பக்கவாட்டில் திருப்பி, பிறகு காலைத் தொங்கவிட்டு எழ வேண்டும் என்று பயிற்சி கொடுக்கிற பெண் சொல்லிக்கொடுத்தாள். இடுப்புக்கு பெல்ட், தோளுக்கும் காலுக்கும் பயிற்சி, மூச்சை நிதானமாக விடும் பழக்கம். இந்த மாத்திரை மலத்தைக் கட்டும் என்பதால் அதற்கு ஒரு மருந்து, கூடவே பப்பாளி, நிறையத் தண்ணீர். பீடியை விட்டார். சில வாரங்களில் அக்காவின் தோளைப் பிடித்தபடி தெருமுனை வரை நடந்தார். வலி போய்விடவில்லை. பக்கத்து அறைக்குப் போய் உட்கார்ந்திருந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அப்போதுதான் பட்டறையில் அவரோடு வேலை செய்த ஒருவர் பார்க்க வந்தார். நல்ல மனிதர்தான், வாய்தான் சும்மா இருக்காது. மாத்திரை அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இது மார்பின் இல்ல? அபின்லேர்ந்து எடுக்கிறதுப்பா. கெட்ட போதை. எப்படித்தான் குடுத்தாங்களோ" என்றார். சொல்லிவிட்டு டீ குடித்தார், கிளம்பிப் போனார். அடுத்த வேளைக்கு அக்கா மாத்திரை எடுத்துக்கொண்டு போனபோது மாமா வாயைத் திறக்கவில்லை. கையில் இருந்த கயிற்றை மட்டும் காட்டினார்.

மறுநாள் காலையிலிருந்து அவருக்குக் கொட்டாவி கொட்டாவியாக வந்தது. மூக்கு ஒழுகியது, தோலெல்லாம் புல்லரித்து நின்றது, வயிறு போனது. பிறகு உதறல் வந்தது, வியர்த்துக் கொட்டியது. அந்த உதறலை எங்கள் மூன்று பேருக்கும் ஏற்கெனவே தெரியும். சாராயத்தை விட்ட நாட்களில் பார்த்த அதே உதறல். அக்கா என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போய், "மறுபடியும் மாட்டிக்கினாருடா" என்றாள். அவள் உதடு வெளுத்திருந்தது. மாமாவும் அதையேதான் நினைத்தார். தனக்குத் தெரியாமலேயே சத்தியம் உடைந்துவிட்டது, இனி ரத்தம் வரும் என்று எச்சிலைத் துணியில் துப்பித் துப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு நடுவே வலி முழுசாகத் திரும்பி வந்தது. முதலில் அலறினார். பிறகு அலறவும் முடியாமல் வாயை மட்டும் திறந்து மூடினார். பார்க்க வந்த ஒரு அம்மாள், பண்ணிய பாவம் இப்படிக் கழியட்டும் என்றார். அக்காவுக்கு நான் பட்ட கடனைத் தீர்ப்பதுபோல அந்த அம்மாளை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் விட்டேன். மாமா செய்தது எனக்கு அந்த அம்மாளைவிட நன்றாகத் தெரியும். அதற்காக ஒரு உடம்பு இப்படித் துடிப்பதைப் பார்த்து நிறைவடைய என்னால் முடியவில்லை.

டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவருக்குக் கோபம் வந்தது. கோபம் என் மேல் இல்லை என்று பிறகுதான் புரிந்தது. "பிரஷர் மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினாலும் உடம்பு தூக்கிப் போடும். அவங்களை எல்லாம் குடிகாரங்கன்னு சொல்வீங்களா? உடம்பு பழகுறது வேற, மனசு அலையுறது வேற. இவர் மாத்திரை கேட்டு அலையறாரா, வேணாம்னு ஓடறாரா? நீங்களே பார்த்தீங்க இல்ல" என்றார். எத்தனை வேளை விட்டுப்போயிற்று என்று கேட்டு, எந்த அளவில் மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்லி, முடிந்தவரை சீக்கிரம் கொடுங்கள் என்றார். நான் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். மாமா கேட்டார். கேட்டுவிட்டு, "டாக்டரம்மாவுக்கா நான் சத்தியம் பண்ணேன், மச்சான்?" என்றார்.

கோயிலுக்குப் போனேன். பூசாரி நான் சொன்னதைத் தலை குனிந்து கேட்டார். வைத்தியத்துக்கு என்றால் சாமி தப்பாக எடுத்துக்கொள்ளாது என்றுதான் தனக்கும் தோன்றுகிறது என்றார். அப்படியானால் வந்து அதை அவரிடம் சொல்லுங்கள் என்றேன். அவர் மறுத்துவிட்டார். "கட்டத்தான் எனக்குத் தெரியும் தம்பி, அவுக்கத் தெரியாது. உங்க மாமாவுக்கு நான் சரின்னு சொன்னா, நாளைக்கு ஒவ்வொருத்தனும் இருமல் மருந்து பாட்டிலோட வந்து நிப்பான், இதுவும் வைத்தியம்தான்னு. அவன் பொண்டாட்டிக்கு யார் பதில் சொல்றது?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த விபூதித் தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் அந்த ஆள் சொன்னது பொய் இல்லை. அந்தக் கயிற்றின் பயத்தில்தான் எங்கள் தெருவில் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிந்தது.

நான் வெறுங்கையோடு வந்ததைப் பார்த்ததும் அக்கா எழுந்தாள். மாத்திரையும் தண்ணீருமாகக் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மத்தியான வெயில் கதவு வழியாக உள்ளே விழுந்திருந்தது.

"சாமிய விடு. அடி வாங்குனது சாமியா? நான்தானே. நான் பயந்து கெடந்ததாலதான் நீ கட்டிக்கின, எனக்காகத்தான் கட்டிக்கின. நான் சொல்றேன், இது குடி இல்ல. போடு."

"ரத்தம் வந்தா?"

"வந்தா என் தலையில வரட்டும்."

அவர் மாத்திரையைப் பார்த்தார். பிறகு, "நான் திரும்பவும் அப்படி ஆயிட்டா?" என்று கேட்டார். அவர் உண்மையில் பயந்தது ரத்தத்துக்கு இல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அப்படி ஆனா நான் போயிடுவேன். அப்ப இருந்த மாதிரி இனிமே இருக்கமாட்டேன்" என்றாள் அக்கா.

அவர் வாயைத் திறந்தார். அக்கா போட்டாள். போட்டுவிட்டு வந்து, வாசற்கதவுக்குப் பக்கத்தில் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். நானும் அவளுக்கு முன்னால் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கண் சிவக்குமா, நாக்கு குழறுமா, அந்தப் பழைய சிரிப்பு வருமா என்று பார்த்தோம். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்து உட்கார்ந்த நேரம் வேறு இல்லை. மெதுவாக அவர் கட்டில் சட்டத்திலிருந்து விரல்களை எடுத்தார். உதறல் நின்றது. ரசம் இருந்தால் கொஞ்சம் சோறு போடு என்றார். அவ்வளவுதான் நடந்தது.

இப்போதும் தெரிந்தவர்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் வந்தால் என்னிடம் வருகிறார்கள். ஒருவர்கூட வலி அடங்குமா என்று முதலில் கேட்பதில்லை. பழக்கமாகிவிடுமா என்றுதான் கேட்கிறார்கள். சாகப்போகிற கிழவிக்குப் பழக்கமானால் உனக்கு என்ன என்று மூஞ்சிக்கு நேராகக் கேட்டிருக்கிறேன். அது சரியான பதில் இல்லைதான். பயத்தில் கேட்கிறவர்களை டாக்டரம்மா கேட்டதுபோல, ஆனால் கோபப்படாமல் திருப்பிக் கேட்க வேண்டும். அந்தப் பொறுமை எனக்கு வரவில்லை. அந்த மாத்திரையைப் பூட்டி வைத்து, கணக்காகக் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அலறுகிறவன் வாய்க்கு எட்டாமல் வைப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. பிறகு மாமாவுக்கு நோய் ஏறியபோது அளவையும் ஏற்றினார்கள். ஒரு மாத்திரைகூட அவர் அதிகமாகக் கேட்டதில்லை. ரத்தமும் வரவில்லை.

அந்த மத்தியானத்துக்குச் சில வாரம் கழித்து, பச்சை மொச்சையான அவரேகாய் வரத்து அதிகமாயிருந்த மாதம். அக்கா சமையலறையில் தரையில் உட்கார்ந்து காய் உரித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா தானாக எழுந்து, சுவரைப் பிடித்து நடந்து வந்தார். காபி தானே போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஆசை. பெல்ட் கட்டியிருந்தார், வலி அடங்கியிருந்தது, பல மாதங்களுக்குப் பிறகு முதல் தடவையாகத் தோளுக்கு மேல் கையைத் தூக்கினார், அலமாரியில் இருந்த காபித்தூள் டப்பாவை எடுக்க. அக்கா முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டு சுவரோடு ஒண்டினாள். முறம் கவிழ்ந்து பருப்பெல்லாம் தரையில் உருண்டது.

அவர் கை டப்பாவின் மேல் அப்படியே இருந்தது. பிறகு எடுக்காமலே கையை மெல்லக் கீழே இறக்கினார். குனிய முடியாத மனிதர், சிதறியதைப் பொறுக்கவும் முடியாமல் நின்றார்.

அதற்குப் பிறகு இரண்டு அவரேகாய் சீசன் உயிரோடு இருந்தார். அக்கா வீட்டில் எங்கே இருந்தாலும் சரி, சட்டை மாட்டுவதற்கானாலும், பயிற்சி செய்வதற்கானாலும், "கை தூக்குறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தூக்குவார். போதும் விடு என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் விடவில்லை. அவரை நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அக்கா இப்போது காக்ஸ் டவுனில் என்னோடு இருக்கிறாள். சமையலறையில் மேல் அலமாரி அவள் தலைக்கு மேலேதான் இருக்கிறது. அதைத் திறக்கும்போது நானும் சொல்லிவிட்டுத்தான் கை தூக்குகிறேன்.