அம்மாவுக்கு வாங்கிய பரிசல்

தகர டிரம்மில் தார் உருகி, அதனோடு மண்ணெண்ணெய் வாடையும் கலந்து வருகிற அந்தக் காட்டமான நெடி மற்றவர்களுக்குத் தலைவலியைக் கொடுக்குமாம். எனக்கு அது மூக்கில் ஏறிய மறுநொடியே கோபம் வந்துவிடும். ஒரு பரிசலும், அதில் ஒருநாளும் ஏறாத என் அம்மாவும் நினைவுக்கு வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். போன மாதம் வேங்கிக்காலில் எங்கள் தெருவுக்குத் தார் போட்டார்கள். அன்று முழுக்க நான் காரணமே இல்லாமல் எல்லோர் மேலும் எரிந்து விழுந்ததாக வீட்டில் சொல்கிறார்கள். காரணம் இருக்கிறது.

அப்போது நாங்கள் செங்கம் சாலைப் பக்கம், ஏரியிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருந்தோம். அப்பாவுக்குச் சாலையோரத்தில் பஞ்சர் கடை. லாரி, பஸ், டிராக்டர் எதுவானாலும் ஒட்டுவார். அவருக்குத் துணை என் சித்தப்பா. வீட்டில் அப்பாவின் அக்கா, என் அத்தையும் எங்களோடு இருந்தாள். அம்மா தண்டராம்பட்டுப் பக்கத்துக் கிராமத்தில், ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி இந்தக் கோயில் ஊருக்கு வந்தபோது அவள் கொண்டுவந்த சீர்வரிசையில் ஒரு தூண்டில் கழியும் இருந்தது என்று அத்தை கடைசிவரைக்கும் சொல்லிக் காட்டிக்கொண்டே இருந்தாள். பௌர்ணமி, கிருத்திகை, சனிக்கிழமை, புரட்டாசி மாதம் என்று எங்கள் வீட்டில் மீன் சட்டி கவிழ்ந்தே கிடக்கும் நாட்கள் "ஜாஸ்தி". மிச்ச நாட்களில் மத்தியான வேலை முடிந்ததும் அம்மா கழியைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போய்விடுவாள். ஏரியை ஏலம் எடுத்தவர், மற்றவர்கள் வலை போட்டால்தான் சண்டைக்கு வருவாரே தவிர, தூண்டில்காரர்களைக் கண்டுகொள்ள மாட்டார்.

கரையிலிருந்து கிடைப்பதெல்லாம் கெண்டையும் ஜிலேபியும்தான். அம்மாவுக்கு வேண்டியது விரால். விரால் கரைக்கு வராது. ஏரியின் நடுவில் அல்லிக்கொடி மண்டிய இடத்தில் இலைக்கடியில் அசையாமல் நிற்கும், அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு இறங்கும். அந்த "களுக்" சத்தம் காற்று அடங்கிய மத்தியானத்தில் கரைவரைக்கும் கேட்கும். அது கேட்கும்போதெல்லாம் அம்மா பேச்சை நிறுத்திவிட்டு அந்தப் பக்கமே பார்ப்பாள். நாக்கில் எச்சில் ஊறிப் பார்க்கிற பார்வை இல்லை அது. தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போலத் திரும்பிப் பார்ப்பாள்.

அந்த வருஷம் நல்ல மழை. ஏரி நிரம்பி வழிந்தது. எங்கள் பக்கத்தில் அதை "கோடி போச்சு" என்பார்கள். அம்மா தான் வளர்த்த இரண்டு ஆட்டுக்கிடாய்களை விற்ற அன்று, சாப்பாடு போட்டுக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள்:

"ஏங்க, எனக்கு ஒரு போட்டு வேணும்."

சேலை கேட்பாள், தோடு கேட்பாள் என்று எதிர்பார்த்திருந்த அப்பாவுக்குப் புரையேறியது. ஆனாலும் மறுக்கவில்லை. பணம் அவளுடையது, ஆடும் அவள் வளர்த்தது. எனவே எங்கள் வீட்டில், திருவண்ணாமலையில் வேறெந்த வீட்டிலும் நடந்திருக்காத ஒரு மாநாடு நடந்தது: குறைந்த செலவில் எந்தப் படகு?

சித்தப்பா வாழைமரத் தெப்பம் என்றார், செலவே இல்லையாம். "பத்து நாள்ல அழுகிடும். அப்புறம் நானும் மீனும் ஒண்ணாத்தான் மெதக்கணும்" என்றாள் அம்மா. டிவி கடைகளில் தூக்கிப் போடுகிற தெர்மாகோலைச் சாக்கில் தைத்து மிதக்க விடலாம் என்றார் அப்பா. அதற்கும் அம்மா தலையாட்டவில்லை. "கொஞ்சம் அசைஞ்சா கீச்சுகீச்சுனு கத்தும். வெராலு எனக்கு முன்னாடி ஊட்டுக்குப் போய்டும்." அவள் மனத்தில் முதலிலிருந்தே ஒன்றுதான் இருந்தது: அப்பாவின் கடையிலேயே சும்மா கிடந்த பழைய லாரி டியூப். நடுவில் கயிற்றுக்கட்டில் மாதிரிக் கயிறு பின்னிக்கொண்டால் உட்கார இடம் ஆயிற்று. கைக்கு ஒன்றாகச் சப்பாத்திப் பலகை அளவு இரண்டு மரத்துண்டு இருந்தால் துடுப்பும் ஆயிற்று. உட்கார்ந்தால் தண்ணீர் மட்டத்திலேயே இருக்கலாம், மீன் மேல் நிழல் விழாது, சத்தம் வராது. கடையிலேயே காற்றடித்துத் தலையில் வைத்துக்கொண்டு போய், திரும்பும்போது காற்றைப் பிடுங்கிவிட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்துவிடலாம். ஒரு ஆள்தான் உட்கார முடியும். அந்த ஒரு ஆள் அவள்.

தூண்டிலுக்கும் கணக்குச் சொன்னாள். குட்டையான, வளையாத கழி. தூண்டில் இழைக்கு, இழுத்தால் கையை அறுக்கிற கனத்தில் "நரம்பு". கொக்கி பெரிதாக ஒன்றே ஒன்று. தவளைக் குஞ்சைக் கோத்து அல்லி இலைமேல் தத்தவிட வேண்டும் என்பதால் தக்கையே வேண்டாம். மொத்தச் செலவு ஒரு கிடாயின் காலுக்குக்கூட ஆகாது.

அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஊருக்கே பஞ்சர் ஒட்றவன் பொண்டாட்டி டியூபுல மெதக்கறானு ரோட்ல போறவன் சிரிப்பான். வாங்கறதுன்னா கௌரவமா வாங்குவோம்" என்றார். அவரும் சித்தப்பாவும் ஞாயிற்றுக்கிழமை ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு ஒகேனக்கல் பக்கம் போனார்கள். திங்கட்கிழமை வந்து இறங்கியது ஒரு பரிசல். மூங்கில் பின்னி, அடியில் சாக்கு ஒட்டித் தார் பூசி, நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடலாம் போலப் பெரிதாக இருந்தது. துடுப்பு அம்மாவின் நெற்றி உயரம். தூண்டிலும் பளபளவென்று வந்திருந்தது: வில்லாக வளையும் கழி, முடி போல நரம்பு, கெண்டைக்குப் போடுகிற பொடிக் கொக்கிகள், சிவப்பும் மஞ்சளுமாகத் தக்கை.

தெருவே வேடிக்கை பார்த்தது. "பொண்டாட்டிக்குப் போட்டு வாங்கினவன்" என்று அப்பாவுக்கு ஒரே புகழ். அம்மா பரிசலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள், ஒரு பக்கமாகப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள், அது முழங்கால் உயரம்கூட எழும்பவில்லை. "இத யாரு தூக்கினு போறது?" என்று கேட்டாள். "நாங்க இருக்கோமில்ல அண்ணி" என்றார் சித்தப்பா.

அவர்கள்தான் இருந்தார்கள்! அந்த நாளிலிருந்து அவர்கள் மட்டும்தான் இருந்தார்கள். அம்மா போகக்கூடாது என்று அந்த வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதை நான் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சொல்லியிருந்தால் அம்மா சண்டை போட்டிருப்பாள். அவள் ஒன்றும் வாயில்லாப் பூச்சி அல்ல. தடுக்கவேயில்லை, பெரிதாக வாங்கிவிட்டார்கள், அவ்வளவுதான். தூக்க இரண்டு ஆம்பிளை வேண்டும். அந்த இரண்டு ஆம்பிளைகளுக்கும் ஓய்வு கிடைக்கும்போதுதான் பரிசல் தண்ணீரைப் பார்க்கும். அவர்களுக்கு ஓய்வு கிடைக்கிற நேரம் அம்மா அடுப்படியில் இருக்கிற நேரம். யாரும் திட்டம் போட்டுச் செய்யாத இந்த அநியாயத்தை இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. திட்டம் போட்டிருந்தாலாவது திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்திருப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் எல்லோரையும் கரைக்கு அழைத்துப் போனார்கள். பரிசலைத் தண்ணீரில் விட்டு, அப்பா பெருமையாக அம்மாவைப் பார்த்து, "ஏறு, ஒரு ரவுண்டு காட்டறோம்" என்றார். அம்மா ஏறவில்லை. "நான் மீன் புடிக்கக் கேட்டேன். சவாரி கேக்கல" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்துவிட்டாள். அத்தை கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "ஆசையா வாங்கிக் குடுத்தா இன்னா திமிரு பாரு!"

அடுத்த வாரம் சித்தப்பா ஒரு விராலோடு வந்தார். முழங்கை நீளம் இருக்கும். அந்தப் பொடிக் கொக்கியில் எப்படிச் சிக்கியது என்று அம்மா சந்தேகமாகக் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே, "தூண்டில்ல எங்க அண்ணி? குஞ்சுங்க செக்கச்செவேல்னு கூட்டமா மேல வந்துச்சு. அதுங்களக் கலைச்சா தாயி ஓடி வருமில்ல? வந்துச்சு, துடுப்பால ஒரே போடு" என்றார். அம்மாவின் முகம் மாறிவிட்டது. விரால் தன் குஞ்சுகளைக் கூட்டமாக மேய்த்துக்கொண்டு திரியும், அந்த நேரத்தில் தாயைத் தொடக் கூடாது என்பது அவள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த சட்டம். "குஞ்சோட இருக்கறதப் புடிச்சா அந்த ஏரியில அப்புறம் எதப் புடிப்ப?" என்று கேட்டுவிட்டு, மீனை அறுக்கவும் மாட்டேன், குழம்பு வைக்கவும் மாட்டேன் என்று அரிவாள்மனையைத் தள்ளி வைத்தாள். அத்தைதான் ஆக்கினாள். எல்லோரும் சப்புக் கொட்டிச் சாப்பிட்டார்கள். அம்மா மோர் ஊற்றிச் சாப்பிட்டாள், நானும் மோர்தான்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊரில் சக்கரம் சுழலும் எதற்கும், கையில் பிடிக்கும் எதற்கும் அன்றைக்குச் சந்தனப் பொட்டு உண்டு. கடையின் காற்று மிஷின், ஜாக்கி, ஸ்பானர், சைக்கிள் எல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டன. பரிசல் மட்டும் அழுது வடியலாமா? முந்தின நாள் சித்தப்பா ரோடு போடுகிறவர்களிடம் கொஞ்சம் தார் வாங்கி வந்து, இளகுவதற்காக மண்ணெண்ணெயை விட்டுக் குழப்பி, பரிசலைக் கவிழ்த்து அடிப்பக்கம் முழுக்கப் பூசினார். கன்னங்கரேலென்று முகம் பார்க்கலாம் போல மின்னியது. மறுநாள் கவிழ்த்த பரிசலுக்கு மாலை போட்டு, ஊர்க்கண் படாமல் இருக்கப் பூசணிக்காயை அறுத்துக் குங்குமம் தடவி, அதன் மேல் கைநிறையக் கற்பூரத்தை வைத்துக் கொளுத்திச் சுற்றினார். முதல் சுற்று நன்றாகத்தான் போனது. இரண்டாவது சுற்றில் எரிகிற கற்பூரம் சரிந்து தார் மேல் விழுந்தது.

குப்பென்று பிடித்துக்கொண்டது. மாலை, மூங்கில், சாக்கு எல்லாம் ஒரே கரும்புகையாக எழும்பி மலை மறைந்துவிட்டது. அப்பா மண்ணை வாரிக் கொட்டினார், சித்தப்பா பூசணிக்காயைக் கீழே வைக்கவும் தோன்றாமல் குதித்தார், தெரு முழுக்கக் கூச்சல். பொரிகடலைத் தட்டோடு வெளியே வந்த அம்மா ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள்.

அது போதாதா? "பாத்தீங்களா, வயிறு எரிஞ்சவ சிரிக்கிறத! இவ கண்ணுதான் பட்டுச்சு" என்றாள் அத்தை. மண்ணெண்ணெய் கலந்தவர் தப்பித்துக்கொண்டார், கற்பூரத்தைக் கொட்டியவரும் தப்பித்துக்கொண்டார், இரண்டும் ஒரே ஆள்தான் என்பதையும் எல்லோரும் மறந்துபோனார்கள். தன் ஆட்டை விற்று வாங்கிய படகின்மேல் அம்மா கண் வைத்துவிட்டாளாம்! அப்பா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அன்று அம்மாவின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தூண்டில் கழி பரணில் ஏறியது. களுக் சத்தம் கேட்டால் அவள் திரும்பிப் பார்ப்பதும் அதோடு நின்றது.

பஞ்சர் கடை இருந்த இடத்தில் இன்று வெள்ளைக்காரர்கள் காபி குடிக்கிற கடை இருக்கிறது. ஏரியில் அல்லி இல்லை, ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கிறது. அதற்குள் விரால் காற்றுக் குடிக்க வந்தாலும் வண்டிச் சத்தத்தில் கேட்காது. அப்பாவும் அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சித்தப்பா மட்டும் கல்யாண வீடுகளில் இன்னும் இந்தக் கதையைச் சொல்கிறார். "அண்ணிக்குனு ஆசையா போட்டு வாங்கினோம், ஆயுத பூஜை அன்னிக்கு எரிஞ்சே போச்சு" என்பார். பந்தியே சிரிக்கும். நான் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவேன்.

தார் போட்ட அன்று இரவு, குறைந்த விலைப் படகுகளைப் பற்றிப் போனில் தேடிப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி போட்ட ஆண்கள் வீடியோக்களில் வரிசையாக வந்து எது மலிவு, எது கனம், எது நாள்படும் என்று விளக்கினார்கள். ஒருத்தர்கூட, யார் ஓட்டப் போகிறார்கள் என்று கேட்கவில்லை. காற்றடைக்கிற, ஒருவர் மட்டும் உட்காருகிற, இருப்பதிலேயே சின்னதான ஒன்றைத் தேர்ந்தெடுத்து விவரம் கேட்கக் கூப்பிட்டால், கடைக்காரப் பையன், "சார் என்ன வெயிட் இருப்பாருங்க மேடம்?" என்கிறான். சாருக்கு இல்லை, எங்கள் அம்மாவுக்கு என்றேன்.

பார்சல் வந்த அன்று, மூட்டு வலியோடு இருக்கும் அம்மாவைக் கைபிடித்து மொட்டை மாடிக்கு அழைத்துப் போனேன். அவள் ஊர் ஏரியில் இன்னும் அல்லி இருக்கிறது, மாமா பையன் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறான். காற்றடித்து முடித்ததும் ஒரு விரலால் தூக்கிக் காட்டினேன். அம்மா உட்கார்ந்து பக்கவாட்டை அமுக்கிப் பார்த்தாள். படகோடு நான் வாங்கி வைத்திருந்த தூண்டிலின் கொக்கியை எடுத்து நகத்தில் உரசிப் பார்த்து, "இது வெராலுக்கு ஆவும்" என்றாள். நரம்பை விரலில் சுற்றி இழுத்தாள். அவளுக்குத் திருப்திதான், முகத்தில் தெரிந்தது. பிறகு தலையைத் தூக்கி என்னைக் கேட்டாள்:

"எல்லாம் சரிடி. ரொம்பச் சின்னதா இருக்குதே, மாப்புள்ளைக்கு இதுல ஒக்கார முடியுமா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் படகை அப்படியே மாடியிலிருந்து கீழே வீசியிருப்பேன்.

"நீ ஏறும்மா" என்றேன்.

அம்மா உடனே ஏறவில்லை. அந்த மொட்டை மாடியில் எங்கள் இருவரையும் விட்டால் காய்கிற துணிதான் இருந்தது. ஆனாலும் அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பக்கத்து மாடியில் யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை சுற்றிலும் பார்த்தாள்.