ஓகூரெக், அகுர்க், கெக்கரிக்காய்

உள்ளிப்பூண்டு, உப்புத்தண்ணீர், பெருஞ்சீரக இலையைப் போல மணக்கும் ஏதோ ஒரு கீரை: மூன்றும் கலந்த வாசம் ஓகஸ்ட் மாதத்தில் ஹீட்டர் துவாரத்தின் வழியாக எங்கள் "பேஸ்மென்ற்"றுக்குள் இறங்கி வரும். மேலே வீட்டுக்காரி ஹலினா அன்ரி கெக்கரிக்காய், அதாவது வெள்ளரிக்காய், ஊறப்போடத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம். போலந்திலிருந்து கனடாவுக்கு வந்து வோபர்னில் தனியாக வாழ்ந்தவர் அவர். கீழே அப்பா, அம்மா, தம்பி, நான். நான்கு பேர் என்று சொல்லித்தான் அப்பா அந்த இடத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்.

எனக்கு ஒன்பது வயதான கோடையில் ஐந்தாவதாக ஒருவர் வந்து சேர்ந்தார். அம்மாவின் தங்கை, என் சின்னம்மா. நோர்வேயில் எட்டு வருடம் வாழ்ந்து, அங்கே மணவாழ்க்கை முறிந்து, ஒரு சூட்கேசுடன் வந்தவர். தமிழும் நோர்வே மொழியும் சரளம். ஆங்கிலம் வாயில் வராது. இன்னொருவர் இருப்பது தெரிந்தால் வீட்டுக்காரி எங்கள் எல்லோரையும் வீட்டிலிருந்து "எழுப்பிப்போடுவா" என்று அம்மா பயந்தார். ஆகவே சின்னம்மா யன்னலோரம் நிற்கக்கூடாது, உரத்துக் கதைக்கக்கூடாது, இருமக்கூட முடிந்தால் கூடாது. எனக்கும் அம்மாவிடம் பாடம் நடந்தது.

"மேலை மனிசி கேட்டா ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லு பிள்ளை. விளங்குதோ?"

ஒருநாள் ஹலினா அன்ரி என்னைப் படியில் மறித்துக் கேட்டே விட்டார்: பகலில் கீழே நடமாடுவது யார்? "ஒருத்தரும் இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் மேலே போய்விட்டார்.

மூன்று கிழமை சின்னம்மா அப்படியே இருந்தார். வரவரப் பேச்சுக் குறைந்துகொண்டே போயிற்று. பிறகு ஒரு பிற்பகல், அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருக்க, நான் ஈர உடுப்புகளைக் கொடியில் போட வீட்டின் பின்வளவுக்குப் போனேன். திரும்பிப் பார்த்தால் பின்னாலேயே சின்னம்மா. "கொஞ்சம் காத்துப் படட்டும் பிள்ளை," என்றார்.

கெக்கரிக்கொடிகளுக்கு நடுவே ஹலினா அன்ரி முக்காலியில் குந்தியிருந்தார். சின்னம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். எங்கள் கட்டில்களும் சட்டிபானைகளும் தெருவோரம் கிடப்பது எனக்குக் கண்முன்னே தெரிந்தது. அவரோ கையிலிருந்த காயை நீட்டி, "ஓகூரெக்," என்று தன் மொழியில் சொன்னார்.

சின்னம்மாவின் முகம் மாறியது. "அகுர்க்," என்று நோர்வே மொழியில் சொன்னார்.

"ஓகூரெக்?"

"அகுர்க், அகுர்க்."

பிறகு இருவரும் வளவைச் சுற்றி நடந்து, தக்காளி, வெங்காயம், வாளி, வேலி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பெயர் சொல்லிப் பார்த்தார்கள். ஒன்றும் பொருந்தவில்லை. ஒவ்வொரு முறை தவறியதும் சிரித்துவிட்டு மறுபடியும் கெக்கரிக்காய்க்கே திரும்பினார்கள். கனடாவுக்கு வந்த பிறகு சின்னம்மா சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

ஹலினா அன்ரி என் பக்கம் திரும்பினார். தன் உடைந்த ஆங்கிலத்தில், முகத்தில் சிரிப்பே காட்டாமல், "ஆக, 'ஒருத்தரும் இல்லை'க்குக் கெக்கரிக்காயைத் தெரிந்திருக்கிறது," என்றார். நான் அழத் தொடங்கிவிட்டேன். "அழாதே. எனக்குப் போத்தல் கழுவ ஆள் வேண்டும். 'ஒருத்தரும் இல்லை' நாளைக்கும் வரட்டும்."

பின்னேரம் அம்மா, "ஆரடி உன்னை வெளியில போகச் சொன்னது?" என்று தங்கையிடம் பாய்ந்தார்.

"நாளைக்கும் போறன் அக்கா," என்றார் சின்னம்மா.

பல வருடங்களுக்குப் பிறகு, என் மகள் வயிற்றில் இருந்த மாதங்களில், அந்த "ஓகூரெக்", "அகுர்க்" சொல்லைத் தேடிப் படித்தேன். சரியாகத்தான் விளங்கிக்கொண்டேனா என்று இன்னொரு அகராதியிலும் பார்த்தேன். கிரேக்கரிடமிருந்து ஸ்லாவிய மொழிகளுக்கு வந்து, போலந்திலிருந்து ஜெர்மன் கரைகளுக்கு நகர்ந்து, அங்கிருந்து டென்மார்க்குக்கும் நோர்வேக்கும் போயிருக்கிறது. சுவீடனில் முதல் எழுத்தை உதிர்த்துவிட்டு "குர்க்கா" ஆகியிருக்கிறது. கடைப் போத்தலில் "கேர்கின்" என்று ஒட்டியிருப்பதும் இதே குடும்பம்தானாம். நான் அன்றாடம் பேசும் ஆங்கிலத்திலும் அது இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. அந்தக் கிரேக்கச் சொல்லின் வேர்ப்பொருள் "முற்றாதது" என்பதாக இருக்கலாம் என்கிறார்கள் சிலர். நாங்களும் வெள்ளரிப்பிஞ்சு என்கிறோமே. எங்கோ, யாரோ, எங்களோடு ஒரு தொடர்பும் இல்லாமல், அதே காயைக் கையில் வைத்து அதே எண்ணத்தை எண்ணியிருக்கிறார்கள். எத்தனை தலைமுறை வாய்களில் ஏறி இறங்கி, எத்தனை எல்லைகளைக் கடந்து வந்து, அந்தச் சிறிய வளவில் இரண்டு பெண்களுக்கு அது உதவியிருக்கிறது.

ஹலினா அன்ரி இப்போது இல்லை. வீடு கைமாறி, கொடிகள் படர்ந்த இடமெல்லாம் கார் நிறுத்தச் சீமெந்து போட்டாயிற்று. சின்னம்மா ஸ்காபரோவில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறார். நோர்வே மொழியில் பாதி மறந்துபோயிற்று என்கிறார். நான் பிக்கரிங்கில், மூன்று வயது மகளுக்குப் பொய் சொல்லக்கூடாது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

போன கிழமை அம்மாவிடம் கேட்டேன், ஒன்பது வயதுப் பிள்ளையை அப்படிச் சொல்ல வைத்தது பிழையில்லையா என்று. கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிரவில்லை.

"பிழைதான். உன்ரை கதையை விடு. மனிசி எழுப்பிப்போடுவா எண்டு பயந்து, என்ரை தங்கச்சியை நானே பூட்டி வச்சனான். அவள் அண்டைக்குத் தானாப் போகாட்டி, இன்னும் எத்தினை நாளைக்கு வச்சிருப்பன் எண்டு எனக்கே தெரியாது."